கரைதிறனும் வெப்பமும்: கல்முனைக் கரையோரத்தில் ஒரு பரிசோதனையின் சரித்திரம்

இடைநிலை வகுப்பு விஞ்ஞானத்தில், நீரின் வெப்பம் ஏறுந்தோறும் இறங்குந்தோறும் அதிலே கரைந்து நிற்கும் பதார்த்தத்தின் அளவு எவ்வாறு மாறுகின்றது என்பதை மாணவன் தானே பரிசோதித்து அறியவேண்டும் என்று ஒரு பாடம் உண்டு. கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அந்தப் பாடம் பெரும்பாலும் ஒரு நாற்பது நிமிட வேளைக்குள் தொடங்கி முடிந்துவிடுகின்றது. கரும்பலகையில் ஒரு வளைகோடு வரையப்படுகின்றது, அதன் கீழே இரண்டு வாக்கியங்கள் எழுதப்படுகின்றன, மணி அடிக்கின்றது. ஆயினும் அந்த வளைகோட்டின் பின்னால், இந்தக் கரையோரத்தின் கைத்தொழில்களும், இலங்கை மலைக்குகைகளின் வெடியுப்பும், பாரிஸ் நகரத்து இரசாயன சாலையொன்றும், தமிழிலே விஞ்ஞானம் கற்பிக்கலாம் என்று துணிந்த சில பெரியோரின் உழைப்பும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன என்பதை அறிந்தவர்கள், அதனை அத்தனை விரைவாகக் கடந்துபோக மாட்டார்கள். அந்தச் சரித்திரத்தை ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிழக்கே கடலும் மேற்கே வயல்வெளியுமாக, இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய மணற்பரப்பில் நெருக்கமாக அமைந்த இவ்வூர்களின் பழைய தொழில்களிலே வேளாண்மையும் மீன்பிடியும் வணிகமும் முதன்மையானவை என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் கரைதலையும் வெப்பத்தையும் பற்றிய அறிவு குடிகொண்டிருந்த இடங்கள் வேறு. மருதமுனையின் கைத்தறிச் சாரங்களும் சேலைகளும் இலங்கை முழுவதும் பெயர்பெற்றவை. அத்தறிகளுக்கு நூலைப் பக்குவப்படுத்தும் வேலை, முற்றத்து அடுப்பின்மேல் ஏற்றிய சாயப்பானையில்தான் ஆரம்பமாகின்றது. அவ்வாறே, வயலோரத்து நீர்நிலைகளில் வளரும் பன்னை அறுத்து உலர்த்திப் பாய் இழைக்கும் முஸ்லிம் பெண்கள், பன்னின் ஒரு பகுதியை வளையமாகச் சுருட்டிக் கொதிக்கும் சாயநீரில் அமிழ்த்தி, சிவப்பும் பச்சையும் ஊதாவும் ஏற்றி எடுக்கின்றனர். இரசாயனச் சாயங்கள் வருவதற்கு முன்னர் சிவப்புக்குப் பதங்க மரத்தின் சீவலே உதவிற்று; குளிர்ந்த நீரில் மெல்ல மெல்ல வெளுத்த நிறமே காட்டும் அச்சீவல், கொதிநீரில் தன் வர்ணத்தை முழுவதும் விட்டுக்கொடுக்கும். இதனை எந்தப் புத்தகத்திலும் படித்து அப்பெண்கள் அறிந்தவர்களல்லர். தாயிடமிருந்து மகளுக்கும் மாமியிடமிருந்து மருமகளுக்கும் கையோடு கையாக வந்த பயிற்சி அது.

சாயப்பானையின் அருகே சற்று நேரம் நின்று கவனிப்பவன் பல நுட்பங்களைக் காணலாம். பருத்தி நூலுக்கு நேரே ஏறும் ஒருவகைச் சாயத்தைக் கரைத்தபின், நூல் சற்று நிறம் பிடித்ததும், சாயக்காரர் கைப்பிடி கைப்பிடியாக உப்பைச் சேர்க்கின்றார். நீரில் உப்பு மிகும்போது சாயம் நீரிலே தங்கியிருக்க விரும்பாது நூலை நாடிச் செல்கின்றது. வற் சாயம் என்னும் இன்னொருவகை, நீரில் இயல்பாகவே கரையாதது. எரிசோடாவும் ஐதரோசல்பைற்றும் சேர்த்து, சாயத்தின் இனத்துக்கேற்ப இளஞ்சூட்டிலோ ஐம்பது அறுபது பாகையிலோ வைத்து, அதனைக் கரையும் வடிவத்துக்கு மாற்றி, நூலைத் தோய்த்து வெளியே எடுத்துக் காற்றிலே விரித்தவுடன், காற்றின் ஒட்சிசன் பட்டு அது திரும்பவும் கரையா வடிவத்தை அடைந்து இழைக்குள்ளேயே சிறைப்பட்டு விடுகின்றது. பானையில் ஒரு நிறமாகத் தோன்றியது கண்முன்னே வேறு நிறமாக மாறுவதைக் காணும் சிறுவனுக்கு, கரைதல் என்பது பொருளின் குணம் மாத்திரமன்று, வெப்பத்தையும் சூழலையும் பொறுத்த ஒரு நிலை என்னும் உண்மை அன்றைக்கே விளங்கிவிடுகின்றது.

இனி, உப்பின் கதையையும் வெடியுப்பின் கதையையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும்; ஏனெனில் ஒரே தீவில் நடைபெற்ற இவ்விரு தொழில்களும் ஒன்றுக்கொன்று நேர்மாறான வழிகளைக் கையாண்டன. புத்தளத்திலும் ஹம்பாந்தோட்டையிலும் ஆனையிறவிலும் கடல்நீரைப் பாத்திகளில் தேக்கிய உப்பளத்தார், வெயிலையும் காற்றையும் நம்பி, நீரை ஆவியாக விட்டுக் காத்திருந்தார்கள். நீர் குறையக் குறைய முதலில் சுண்ணாம்புச் சார்பான உப்புகள் அடியில் படிகின்றன. கடல்நீர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும் கட்டத்தில் சோற்றுப்பு பளிங்காகத் தொடங்குகின்றது. கசப்புத் தரும் மகனீசிய உப்புகள் கடைசி வரை நீரிலேயே நிற்பதால், அந்த எச்சநீரை உரிய வேளையில் வடித்து விடுகிறார்கள். இதிலே குளிர்விப்பதற்கு இடமே இல்லை. உப்பை எவ்வளவு சூடான நீரில் கரைத்தாலும், ஆறவைத்தால் பளிங்கு பெரிதாக விழுவதில்லை என்பதை உப்பளத்தார் அநுபவத்தால் அறிந்திருந்தனர்.

வெடியுப்புக்காரர் செய்ததோ வேறு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிரியா நாட்டில் வாழ்ந்த ஹஸன் அர்-ரம்மாஹ் என்னும் அறிஞர், குதிரையேற்றத்தையும் போர்க்கருவிகளையும் பற்றி அரபு மொழியில் எழுதிய நூலில், வெடியுப்பைச் சுத்தி செய்யும் முறையைப் படிப்படியாக விவரித்திருக்கின்றார்: அதனை நீரில் இட்டுக் கொதிக்கவைத்து, மரச்சாம்பலைச் சேர்த்து வேண்டாத உப்புகளைப் படியச்செய்து, தெளிந்த நீரை வடித்தெடுத்துப் பளிங்காக விடுதல் வேண்டும் என்பது அம்முறையின் சாரம். ஏறத்தாழ ஐந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1816 முதல் 1820 வரை இலங்கையில் படை வைத்தியராகப் பணியாற்றிய ஜோன் டேவி, கண்டிச் சீமையின் மலைக்குகைகளில் குடிமக்கள் வெடியுப்பு எடுத்த முறையைக் கண்டு, 1821இல் வெளியிட்ட தமது இலங்கை நூலில் பதிவு செய்தார். குகைச் சுவரின் பாறையைச் செதுக்கிப் பொடியாக்கி, மரச்சாம்பலோடு கலந்து, நீர்விட்டுக் கரைத்து வடித்து, அந்நீரைக் காய்ச்சிச் சுண்டவைத்து ஆறவிட்டுப் பளிங்கு எடுத்தனர் அம்மக்கள். பெரும் இரசாயன வல்லுநராகிய ஹம்பிரி டேவியின் சகோதரரான இவருக்கு, அந்தக் குகைவாயிலில் நடந்தது எத்தகைய இரசாயனக் கிரியை என்பது பார்த்தவுடனே புலப்பட்டிருக்கும். சிரியாவின் அறிஞரும் கண்டிச் சீமையின் குடியானவரும் ஒருவரையொருவர் அறியாமலே மரச்சாம்பலையும் கொதிநீரையும் ஒரே காரியத்துக்குப் பயன்படுத்தினர் என்பது, கைத்தொழில் அறிவு எத்துணை நம்பத்தக்கது என்பதற்குப் போதிய சான்றாகும்.

உப்புக்காரர் வெயிலுக்காகவும் வெடியுப்புக்காரர் குளிர்ச்சிக்காகவும் காத்திருந்ததன் காரணத்தை எண்களாலும் கோட்டாலும் முதன்முதலில் தெளிவாக்கியவர், பிரெஞ்சு நாட்டு இரசாயன அறிஞர் ஜோசப் லூயி கே-லுசாக். டேவி இலங்கையில் இருந்த அதே காலத்தில், 1819இல், உப்புகள் நீரில் கரையும் தன்மையைப் பற்றிய தமது ஆய்வை அவர் வெளியிட்டார். ஒரு குறித்த வெப்பநிலையில் நிரம்பிய கரைசலைப் பெறுவதற்கு அவர் இரண்டு வழிகளைக் கூறினார்: நீரையும் உப்பையும் சேர்த்துச் சூடாக்கிப் பின்னர் அந்த வெப்பநிலைக்கு ஆறவிடுதல் ஒன்று, குளிர்ந்த நீரில் உப்பை இட்டு மெல்ல அந்த வெப்பநிலைக்கு ஏற்றுதல் மற்றொன்று. போதிய நேரம் கொடுத்தால் இருவழியிலும் ஒரே அளவு கிடைக்கவேண்டும். கிடைத்தால் அந்த அளவை நம்பலாம். அவ்வாறு பெற்ற கரைசலை நிறுத்து, நீர் முழுவதும் ஆவியாகும்வரை காய்ச்சி, எஞ்சிய உப்பைத் திரும்பவும் நிறுத்து, வெப்பநிலையைக் கிடையாகவும் கரைந்த அளவை நிலையாகவும் குறித்து அவர் வரைந்த வளைகோடுகளே, இன்று கல்முனையின் கரும்பலகைகளில் வரையப்படும் கோடுகளின் மூதாதைகள்.

அக்கோடுகள் சொல்வது இது. நூறு கிராம் நீரில் சோற்றுப்பு, பனிக்கட்டி உருகும் வெப்பநிலையில் ஏறத்தாழ 36 கிராமும், நீர் கொதிக்கும் வெப்பநிலையில் ஏறத்தாழ 39 கிராமும் கரைகின்றது. கோடு ஏறக்குறையக் கிடையாகவே கிடக்கின்றது. வெடியுப்பாகிய பொற்றாசியம் நைத்திரேற்றோ, 0 பாகையில் 13 கிராம், 20 பாகையில் 32 கிராம், 60 பாகையில் 110 கிராம், 100 பாகையில் 246 கிராம் என்று செங்குத்தாக எழுகின்றது. ஆகவே உப்பளத்தார் நீரைப் போக்கினாலன்றி உப்பைக் காணமுடியாது. வெடியுப்புக்காரர் சூட்டைப் போக்கினாலே போதும். சுட்ட சுண்ணாம்பை நீற்றிய நீர் இவ்விரண்டுக்கும் மாறானது; சூடேற ஏற அதிலே சுண்ணாம்பு குறைவாகவே கரைகின்றது. வாயுக்களும் அவ்வாறே: 0 பாகையில் ஒரு லீற்றர் நன்னீர் தன்னுள் வைத்திருக்கக்கூடிய ஒட்சிசன் 14 மில்லிகிராமுக்கு மேற்பட, 30 பாகையில் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகின்றது. கோடைகாலத்தில் வற்றிய குளங்களில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் திறந்து தவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெப்பம் கூடினால் கரைதிறன் கூடும் என்று ஒரே வாக்கியத்தில் பாடம் ஒப்புவிக்கும் மாணவன், இந்த விலக்குகளைக் கண்ணால் காணும்போதுதான் விதியின் எல்லையை உணர்கின்றான்.

கே-லுசாக் கண்ட விந்தைகளுள் ஒன்று நமது கரையோரத்துக்கு விசேஷமாக உரியது. சோடியஞ் சல்பேற்று என்னும் உப்பு 32 பாகையைச் சற்றுத் தாண்டும்வரை வெப்பத்தோடு விரைந்து கரைந்துகொண்டே போய், அந்த எல்லைக்கு அப்பால் மெல்லக் குறையத் தொடங்குகின்றது. பாரிஸ் நகரத்தில் அந்த எல்லையை அடைவதற்கு நீரைச் சூடாக்க வேண்டியிருந்தது. கல்முனையிலோ, கச்சான் காற்று வீசும் மாதங்களின் நண்பகல்களில் வகுப்பறையின் காற்றே அந்த வெப்பநிலையைத் தொட்டு நிற்கின்றது. ஐரோப்பியப் புத்தகம் அறை வெப்பநிலை என்று எழுதும் 20 பாகை, இந்தக் கரையோரத்தில் நள்ளிரவிலும் காணக் கிடைக்காத வெப்பநிலையாகும்.

இக்கரையோரத்துக்கு மேற்கே சில மைல்களுக்கு அப்பால் கல்லோயாப் பள்ளத்தாக்கு இருக்கின்றது. 1949இல் ஆரம்பிக்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தின் விளைவாக அங்கே கரும்பு விளைவிக்கப்பட்டு, ஹிங்குரானையில் சீனித் தொழிற்சாலை எழுந்தது. இடையில் நெடுங்காலம் மூடிக் கிடந்து பின்னர் மீண்டும் இயங்கத் தொடங்கிய அத்தொழிற்சாலை, உண்மையில் கரைதிறனைப் பற்றிய ஒரு மாபெரும் பரிசோதனைச் சாலையேயாகும். பிழிந்த சாற்றில் சுண்ணாம்பு நீரைச் சேர்த்துக் காய்ச்சி அழுக்கை அகற்றுகின்றனர்; தெளிந்த சாற்றைச் சுண்டவைத்து, காற்றழுத்தம் குறைந்த கலங்களில் கருகாத அளவு மென்சூட்டில் கொதிக்கவைத்து, சிறு சீனித் துகள்களை விதையாக இட்டுப் பளிங்கை வளர்க்கின்றனர்; பின்னர் ஆறவிட்டு, சுழலும் எந்திரத்தில் இட்டுப் பளிங்கையும் பாணியையும் பிரிக்கின்றனர். நூறு கிராம் நீரில் 20 பாகையில் ஏறத்தாழ 204 கிராமும் 100 பாகையில் ஏறத்தாழ 487 கிராமும் கரையும் சீனி, இவ்விரு எல்லைகளுக்கு இடையே தரும் இடைவெளியிலேயே அத்தொழிலின் ஒரு பெரும் பகுதி அடங்கியிருக்கின்றது.

தொழில்களில் இவ்வாறு அறிவு கிடந்தது உண்மையேயாயினும், அதனைத் தமிழ் மொழியில் சாஸ்திரமாகச் சொல்லித் தருவதற்கு வேறு உழைப்பு வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தம் மாணவர்களின் துணையோடு பல நூல்களைத் தமிழாக்கினார். அவற்றுள் 1875இல் வெளிவந்த 'கெமிஸ்தம்', இரசாயன சாஸ்திரத்தைத் தமிழர்க்கு முறையாக எடுத்துரைத்த ஆதி நூல்களுள் ஒன்று. எனினும் அது வைத்திய மாணவருக்காக எழுந்தது. பொதுப் பாடசாலையின் சிறுவரை அடைய இன்னும் காலம் சென்றது.

அந்தக் காலத்தை அண்மைக்குக் கொண்டுவந்தவர், கல்முனைக்கு அயலிலேயே பிறந்தவர். சாய்ந்தமருதுக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் காரைதீவில் 1892இல் பிறந்து, கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்ற மயில்வாகனன், பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தர் என்று தமிழுலகம் போற்றும் பெரியாராக விளங்கினார். யாழ்நூலின் ஆசிரியராகவே அவரை நினைப்போர் பலர். ஆனால் அவர் முதலில் விஞ்ஞானப் பட்டதாரி, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் போதித்த ஆசிரியர் என்பதை நினைப்போர் சிலரே. தமிழில் விஞ்ஞானம் கற்பிப்பதற்கான சொற்களை ஆக்கும்பொருட்டு 1936இல் சென்னையில் கூடிய மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கியதும், அம்முயற்சியின் பலனாக 1938இல் கலைச்சொற் தொகுதி வெளிவந்ததும், இரசாயனக் குடுவையைத் தம் கையால் ஏந்திப் பழகிய ஒருவரின் ஊக்கத்தால் விளைந்தவை. பரிசோதனை செய்பவன் தன் தாய்மொழியில் சிந்திக்க முடியாவிட்டால் தன் தவற்றைத் தானே கண்டுபிடிக்கவும் முடியாது. விபுலாநந்தர் எடுத்துக்கொண்ட பணியின் தேவை இதுவே.

யுத்தகாலத்து உணவுற்பத்தி முயற்சிகளை நடத்தும்பொருட்டு 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களை இவ்விடத்தில் மறத்தல் ஆகாது. நெல்லை நோக்கி வந்த அவர், நெல் விளைவிக்கும் மக்களின் பிள்ளைகள் கல்வியின்றி நிற்பதையும் கண்டார். கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றுவதற்கு உழைத்தார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். 1948இல் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். அதே 1945ஆம் ஆண்டில் கல்வி மந்திரி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1949இல் கல்முனையிலேயே ஸாஹிராக் கல்லூரி தோன்றிற்று. அதன்பின் 1950களிலும் 1960களிலும் படிப்படியாக இடைநிலை வகுப்புகளின் விஞ்ஞானமும் தாய்மொழிக்கு மாறியது. அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகளும் பாடநூல்களும் பாடசாலை அலமாரிகளை அடைந்தன. கரையம், கரைப்பான், நிரம்பிய கரைசல், கரைதிறன் என்பவை கடற்கரை மணலில் விளையாடும் பிள்ளைகளின் நாவிலும் புழங்கலாயின. 1995இல் ஆரம்பமாகிப் பின்னர் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இன்று சம்மாந்துறையில் இருக்கின்றது. விஞ்ஞானம் கற்கத் தூர தேசம் சென்ற காலம் போய், வயற்பாதை வழியே துவிச்சக்கர வண்டியில் சென்று கற்கும் காலம் வந்துவிட்டது.

இடையிலே பேரிழப்பும் நேர்ந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை, கல்முனை அடங்கிய அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. இலங்கையின் மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது இதுவே. கரையோரப் பாடசாலைகள் பல இடிந்தன. தறிகளும் சாயப்பானைகளும் அலையோடு போயின. மீண்டும் கட்டிடங்கள் எழுந்துவிட்டன. மீண்டும் எழவேண்டியது இன்னொன்று இருக்கின்றது. அது, பரிசோதனையை மாணவன் தானே திட்டமிடும் வழக்கம்.

ஏன் திட்டமிடல் வேண்டும் என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். பரிசோதனைக் குழாயொன்றில் பத்துக் கிராம் வெடியுப்பையும் பத்து மில்லிலீற்றர் நீரையும் இட்டு, நீர்த்தொட்டியில் வைத்துச் சூடாக்கி, முழுவதும் கரைந்தபின் வெளியே எடுத்து, கண்ணாடிக் கோலால் மெல்லக் கலக்கிக்கொண்டே ஆறவிட வேண்டும். வெப்பமானியின் குமிழ் கண்ணாடியின் அடியைத் தொடாமல் கரைசலின் நடுவே நிற்கவேண்டும். தெளிவாயிருந்த திரவத்தில் திடீரென்று ஊசி முனையளவான ஒரு பளிங்கு மின்னும். அந்தக் கணத்து வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். அது ஏறத்தாழ 57 பாகையாக இருக்கும். பின்னர் ஐந்து மில்லிலீற்றர் நீரை மேலும் சேர்த்துத் திரும்பச் செய்தால் 41 பாகைக்குச் சற்று மேலே பளிங்கு தோன்றும். இன்னும் ஐந்து சேர்த்தால் 32 பாகைக்குச் சற்று மேலே. மேலும் ஐந்து சேர்த்து, நீரை இருபத்தைந்து மில்லிலீற்றராக்கினால் என்ன நேரும்? புத்தகத்தின்படி 26 பாகையளவில் பளிங்கு விழவேண்டும். ஆனால் கல்முனை வகுப்பறையின் வெப்பம் 30 பாகையாக இருக்கும்போது, எத்தனை மணிநேரம் காத்திருந்தாலும் அந்தக் குழாய் தெளிவாகவே நிற்கும். புத்தகத்தைப் பின்பற்றிய மாணவன் தன் பரிசோதனை தோற்றது என்று எண்ணிப் பக்கத்து மேசையின் எண்ணைப் பார்த்து எழுதிவிடுவான். முன்கூட்டியே திட்டமிட்ட மாணவனோ, தன் ஊரின் காற்றே வளைகோட்டின் கீழ்ப்பகுதியைத் தன்னிடமிருந்து மறைக்கின்றது என்பதைக் கணக்கிட்டு அறிந்து, மீன் வாடிக்குப் போய் ஒரு துண்டு ஐஸ் வாங்கி வருவான். கடலிலிருந்து கரைசேர்ந்த மீனைக் கொழும்புக்கு அனுப்ப உதவும் அதே ஐஸ், அவனுடைய நான்காவது புள்ளியை அவனுக்குத் தந்துவிடும்.

இதே காரணத்தால், 60 பாகையில் நூறு கிராம் நீரில் நிரம்பிய வெடியுப்புக் கரைசலை ஐரோப்பிய அறையில் 20 பாகைக்கு ஆறவிட்டால் ஏறத்தாழ 78 கிராம் பளிங்கு விழ, நமது அறையில் 30 பாகைக்கு ஆறவிட்டால் ஏறத்தாழ 64 கிராமே விழும். இரண்டும் சரியான விடைகளே. வெடியுப்பு வெடிமருந்தின் உறுப்பாகையால் ஆசிரியரின் நேரடிப் பொறுப்பில் மாத்திரமே கையாளத்தக்கது; அது கைக்கு எட்டாத இடத்தில் மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கும் படிக்காரமே போதும், அதன் கரைதிறனும் வெப்பத்தோடு பலமடங்கு உயர்கின்றது. சோற்றுப்பை மாத்திரம் தெரிந்தெடுக்கும் வகுப்பு, வெப்பத்தால் பெரிய மாற்றமில்லை என்னும் முடிவுக்கே வரும். எப்பொருளைத் தெரிந்தெடுப்பது என்பதும் திட்டத்தின் ஒரு பகுதி. விரைவாகக் கரைவதும் மிகுதியாகக் கரைவதும் வெவ்வேறு என்பதைத் தெளிந்துகொள்வதும், சூடேற்றும்போது நீர் ஆவியாகிக் குறைந்துபோகாமல் குழாயின் வாயைப் பஞ்சால் அடைப்பதும், நீரின் அளவை மாற்றும்போது உப்பின் நிறையை மாற்றாதிருப்பதும், ஒரே புள்ளியைக் குறைந்தது மும்முறை எடுத்துச் சராசரி காண்பதும், குறித்த எண்ணை அழிக்காமல் கோடிட்டு வைப்பதும் அத்திட்டத்தின் மற்றைய பகுதிகள். சாயப்பானையருகே நின்ற தாய்க்கும் குகைவாயிலில் சட்டியைக் காய்ச்சிய குடியானவருக்கும் கையறிவு நிறைய இருந்தது. எந்தக் காரணத்தால் எந்த விளைவு என்பதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும் ஒழுங்கும், அதனை எழுதி வைத்து அடுத்தவனும் சரிபார்க்க விடும் நேர்மையும் கே-லுசாக்கின் மேசையில் அந்தக் கையறிவோடு சேர்ந்தன. இந்த இரண்டையும் மாணவனுக்குப் பழக்குவதற்கே பாடசாலையில் பரிசோதனை வைக்கப்பட்டிருக்கின்றது.

ஆகவே இக்கரையோரத்தின் விஞ்ஞான ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையில் இந்தப் பாடம் வரும்போது, செய்முறையைக் கரும்பலகையில் எழுதிக் கொடுக்க வேண்டாம். வினாவை மாத்திரம் கொடுத்து, ஒரு கிழமை அவகாசமும் கொடுங்கள். மருதமுனைப் பிள்ளை தன் வீட்டுச் சாயப்பானையிலிருந்தும், நிந்தவூர்ப் பிள்ளை தன் உம்மாவின் பன்பாயிலிருந்தும், சம்மாந்துறைப் பிள்ளை ஹிங்குரானைக் கரும்பிலிருந்தும் தன் திட்டத்தைத் தொடங்கட்டும். எந்தப் பொருள், எத்தனை கிராம், எத்தனை பாகை, எதை மாற்றுவது, எதை மாற்றாதிருப்பது என்று அவன் தன் கையால் எழுதிக்கொண்டு வந்தபின், அலமாரியைத் திறந்து குழாயை அவன் கையில் கொடுங்கள். தான் வகுத்த திட்டத்தின்படி தான் பெற்ற நான்கு புள்ளிகளைக் கொண்டு தான் வரைந்த ஒரு கோடு, அச்சிட்ட நூலிலிருந்து பார்த்தெழுதிய நூறு கோடுகளிலும் மேலானது.